கல்மாவும் கோலமும்

கோலம் என்றால் அரிசிமாவு. கல்மாவு பிற்காலத்தில் நுழைந்த மலிவுச் சரக்கு என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எறும்புக்கு உணவிடும் அறத்தை இக்காலப் பெண்கள் கைவிட்டனர் என்ற குறையும் உடன் ஒலிக்கிறது. பெயரிலேயே கல்லைத் தாங்கிய திண்டுக்கல்லில் வாழும் நாம் இக்கருத்தைச் சற்று உரசிப் பார்க்கலாம்.

ஆண்டாளின் காலம் கி.பி. 8-9ஆம் நூற்றாண்டு என்பது பெருவழக்கு. நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில், காமன் நோன்பில் தெருவை அணி செய்வது மாவு அன்று, வெண்ணிற நுண்மணல். அவ்வணி இன்றைய புள்ளிக் கோலமேதானா என்று துணிய இயலாது. ஆனால் நிலத்தின் பொருளைக் கொண்டே நிலத்தை அழகுசெய்யும் வழக்கம் ஆலைகளுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது என்பது தெளிவு.

பொருளின் இயல்பையும் நோக்கவேண்டும். நம் சமவெளிச் செம்மண்ணில் வெங்கச்சங்கல் புதிதன்று. இத்தகைய வெண்கற்களைப் பொடித்த மாவு ஈரத்தை உறிஞ்சாது, கட்டிபிடிக்காது, விரலிடுக்கில் சீராக வழியும். நீர் தெளித்த வாசலில் அறாத இழையை இழுக்க இக்குணமே துணை. கரைத்த அரிசிமாவு, வீட்டினுள் இடும் இழைக்கோலத்திற்கு உரியது. ஓரத்தில் தீட்டும் காவியின் சிவப்பு இரும்புத் தாதுவின் நிறம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களிலும் செங்காவியே காணப்படுகிறது. இரண்டுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென நாம் வாதிடவில்லை. பொருள் ஒன்று என்பதே செய்தி.

சிக்குக் கோலம் பூவையோ பறவையையோ போலச் செய்வதில்லை. புள்ளிகளும் அவற்றைச் சுற்றிவரும் கோடுமே அதன் உலகம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில் கோலத்தைக் கணினியியலின் வடிவ இலக்கணத்தால் விளக்கினார். உருவமற்ற ஓவியம் என்று மேலைநாட்டுக் கூடங்களில் நாம் வியப்பதை, பள்ளி காணாத பெண்களும் பிழையின்றி இட்டுவந்தனர்.

அரிசிமாவின் அறம் பெரிதே. அதைச் சொல்லிக் கல்மாவிட்ட கைகளைக் குறைகூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.