பயிற்சிக்கு முற்பட்ட படிப்பும் கிறீனின் தமிழ் மருத்துவ நூல்களும்

விபத்தோ திடீர் நோயோ நேருமிடத்து முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர், அயலவரே ஆவர். உரும்பிராய் போன்ற செம்மண் தோட்டக் கிராமங்களில் கிணற்றில் தவறி வீழ்தலும், பனையிலிருந்து விழுதலும், பாம்புக்கடியும், பலாலி வீதி விபத்துகளும் எதிர்நோக்கப்பட வேண்டியவை. 2016இல் இலங்கையில் தொடங்கப்பெற்று 2018இல் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட 1990 அவசர ஊர்திச் சேவை பெருந்துணையே எனினும், ஊர்தி வந்துசேரும்வரையுள்ள நிமிடங்கள் அயலவர் கையிலேயே தங்கியுள்ளன. அவசர உதவித் தொண்டராக விரும்பும் ஒருவர் முறையான பயிற்சிக்குச் செல்லுமுன் எதனைத் தாமாகக் கற்கலாம், எம்மொழியிற் கற்கலாம் என்னும் வினாக்களுக்கு யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு ஒளி தருகின்றது.

உரும்பிராய்க்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயே அவ்வரலாற்றின் களமாகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டு, உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நிகழ்ந்த போதனை 1864 முதல் தமிழில் நிகழ்ந்தது. போதனைக்கு நூல்கள் வேண்டியிருந்தன. மாணவர் சிலரின் துணையோடு ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் தமிழில் உருவாயின. அவற்றின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. கிறீனிடம் பயின்று வைத்தியரானோர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றோர்.

போதனைமொழி மாற்றத்திற்கு மொழிப்பற்று மட்டுமே காரணமன்று. ஆங்கிலத்திற் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவிடங்களுக்குச் செல்லலாயினர். கிராமத்திலேயே தங்கிச் சேவை புரியும் வைத்தியரையே கிறீன் வேண்டினார். தமிழில் கற்றால் உத்தியோக வாய்ப்புக் குன்றும் என்ற எதிர்ப்பு எழுந்தபோதும் அவர் தம் கொள்கையிலிருந்து விலகவில்லை. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரியோ ஆங்கிலத்திலேயே கற்பித்தது. இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிப்பதற்கெனச் சென். ஜோன் அம்புலன்ஸ் சங்கம் தோன்றியது 1877இலாகும். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே காயம், குருதிப்பெருக்கு, எலும்பு முறிவு ஆகியன பற்றிய விரிவான நூலொன்று மானிப்பாயிலிருந்து தமிழில் வெளிவந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிறீன் உருவாக்கியோர் வைத்தியர்களேயன்றி முதலுதவித் தொண்டர் அல்லர். ஆயினும் அவரது முறை தொண்டருக்கும் பொருந்துவதே. அவர் மாணவர் நூலை மட்டும் கற்றவர் அல்லர். நோயாளரை நேரிற் கண்டும் கற்றனர். நூல் தரக்கூடியது ஒன்று. கை பழக வேண்டியது வேறொன்று. உடலின் உறுப்புகள், குருதியோட்டம், மூச்சின் இயக்கம், ஆபத்தின் அறிகுறிகள் ஆகியவற்றைத் தாமாகக் கற்கலாம். மார்பை அழுத்தி இதயத்தை இயக்குவதையோ, முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவதையோ வாசித்து மட்டும் கற்க இயலாது.

அன்றியும், நூல்களுள் விரைவிற் பழமையடையும் பகுதி சிகிச்சையேயாகும். கிறீன் காலத்து ஐரோப்பிய மருத்துவம் பாம்புக்கடிக்குக் கட்டுப்போடுதலையும் நஞ்சை உறிஞ்சுதலையும் ஏற்றிருந்தது. இக்கால மருத்துவமோ காயத்தை வெட்டாது, உறிஞ்சாது, இறுகக் கட்டாது, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து விரைவில் மருத்துவமனை சேர்ப்பிக்குமாறு கூறுகின்றது. எனவே, பழைய நூலை மட்டும் நம்பிச் செயற்படும் தொண்டர் நன்மையினும் தீமையே விளைக்கக்கூடும். மாறாக, ‘அங்காதிபாதம்’ விளக்கிய எலும்பும் நாடியும் இன்றும் அவ்விடத்திலேயே உள்ளன. பயிற்சிக்கு முற்பட்ட படிப்பு நிலைகொள்ள வேண்டிய தளம் இதுவேயாகும்.

கிறீன் 1873இல் நாடு திரும்பி 1884இல் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தோன்றிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. வைத்தியருக்கு ஆங்கிலம் தேவையாயிருக்கலாம். ஆனால் கிணற்றிலிருந்து தூக்கப்பட்ட பிள்ளையின் அருகே முதலில் நிற்கும் அயலவருக்குத் தேவையானது, அவர் அறிந்த மொழியில் அமைந்த அறிவு. கிறீன் வைத்தியருக்கென நூல்கள் ஆக்கினார். அயலவருக்கென, இக்கால மருத்துவத்திற்கேற்பத் திருத்தப்பட்ட நூல்களை ஆக்குதல் தமிழறிந்தோர் கடனாக எஞ்சியுள்ளது.