கெர்மிட்

பழைய, புதிய கணினிகளுக்கிடையே சீரியல் போர்ட் வழியாகக் கோப்புகளை அனுப்ப உதவும் நெறிமுறை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் 1981இல் உருவாக்கினர். பெருங்கணினியில் இடம் போதாத மாணவர்கள் தங்கள் கோப்புகளை பிளாப்பியில் சேமித்துக்கொள்வதே தொடக்க நோக்கம். பெயர் ‘மப்பெட்’ தவளைப் பொம்மையிலிருந்து எடுக்கப்பட்டது; அதற்கு அனுமதியும் பெறப்பட்டது.

அக்காலத் தொலைத்தொடர்பு இணைப்புகள் பல ஒரு பைட்டில் 7 பிட்டுகளையே கடத்தின. கட்டுப்பாட்டுக் குறிகளை வழியிலேயே விழுங்கியும்விட்டன. ஆகவே கெர்மிட் எல்லாவற்றையும் அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றியே அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, சுழி பைட் ‘#@’ ஆகிவிடும். தரவு சிறு பொட்டலங்களாகப் போகும். சரிபார்ப்புத் தொகை பொருந்தாவிட்டால் அதே பொட்டலம் மறுபடி வரும். மெதுவானது என்ற கெட்ட பெயர் இதற்கு உண்டு. அது பெரும்பாலும் எச்சரிக்கையான தொடக்க அமைப்புகளால் வந்த பழி. வேகத்தைக் கூட்ட, நீண்ட பொட்டலங்களும், பதிலுக்குக் காத்திராமல் பல பொட்டலங்களை அடுத்தடுத்து அனுப்பும் ‘நகரும் சாளர’ முறையும் பின்னர் சேர்ந்தன.

டாஸ் கணினியிலிருந்து கோப்புகளை மீட்க இன்றும் பயன்படும். புதிய கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி, நடுவே அனுப்பும் பெறும் முனைகள் மாறி இணைந்த நல் மோடம் (null modem) கம்பி, இருபுறமும் கெர்மிட் நிரல், ஒரே வேகம்: இவை போதும். 9600 பிட் வேகத்தில் 360 கிலோபைட் பிளாப்பி முழுவதும் கடக்க ஆறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நிரல்களையும் படங்களையும் பைனரி முறையில்தான் அனுப்பவேண்டும். உரைமுறையில் வரிமுடிவுகள் மாற்றப்பட்டு அவை கெட்டுப்போகும்.