வலி யாருடையது?

 

நாம் யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் உயிரோடு இருந்தபோது தன்னைப் புகழ ஆரம்பிப்பவர்களிடம் "விஷயத்துக்கு வாங்க" என்பார். நான் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

எங்கள் அம்மாயி பிரசவம் பார்த்தவர். எங்கள் பக்கத்தில் மருத்துவர் சமூகத்துப் பெண்களும் சேரிப் பெண்களும் அந்த வேலையைச் செய்தார்கள். நடுராத்திரியில் ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். வாசல் வழியாக அல்ல, கொல்லைப்புறமாகப் போவார். தொப்புள்கொடி அறுப்பார், நச்சுக்கொடியைப் புதைப்பார். கூலி இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு பழைய சேலையும். தீட்டுக் கழிக்கும் நாளில் அந்த வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. அந்தக் கை தொட்டுத்தான் பிள்ளை பூமிக்கு வந்தது. மறுநாள் அந்தக் கைக்குத் தண்ணீர் தூக்கித்தான் ஊற்றினார்கள்.

அவருக்கு வலியைப் படிக்கத் தெரியும். சீரகக் கஷாயம் கொடுத்துவிட்டு அடிவயிற்றில் கை வைத்துக் காத்திருப்பார். வலி அடங்கினால் சூட்டு வலி, "போய்ப் படு" என்பார். விட்டுவிட்டு வந்து, இடைவெளி குறைந்து, வயிறு கல்லாக இறுகினால் நிஜ வலி. நான் பின்னால் நர்ஸ் படிப்பில் கற்றதும் இதைத்தான்: கருப்பைச் சுருக்கத்தின் இடைவெளி, நேரம், இறுக்கம். பாடப்புத்தகத்தில் அதற்கு ஆசிரியர் பெயர் இருந்தது. அம்மாயிக்குத் தன் பெயரை எழுதவே தெரியாது.

அதனால்தான் இந்த ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதாதவர்களின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்க ஆசை.

நம் கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் வருமே, அந்தக் குடும்பத்துக் காளான் ஒன்று ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வரும். கருத்த நகம்போல் கதிரில் நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் எர்காட். அது ரொட்டி மாவில் கலந்தால் கைகால் அழுகும், கூட்டம் கூட்டமாகச் சாவார்கள். அதையே சிட்டிகை அளவு கொடுத்தால் வலி கூடும் என்று அங்கிருந்த மருத்துவச்சிகள் கண்டுவைத்திருந்தார்கள். 1582இல் ஜெர்மானிய மூலிகை நூல் ஒன்று இதைப் பெண்களின் வழக்கமாகக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற மருத்துவர் 1808இல் இதை மருத்துவ இதழில் எழுதினார். வேற்று நாட்டிலிருந்து குடியேறிய ஒரு பெண்ணிடம்தான் அவர் இதைத் தெரிந்துகொண்டார். ஸ்டேர்ன்ஸ் பெயர் நிலைத்தது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.

டாக்டர்கள் கைக்கு வந்ததும் என்ன நடந்தது? பிரசவத்தைச் சீக்கிரம் முடிக்கும் பொடி என்று அள்ளிக் கொடுத்தார்கள். கருப்பை விடாமல் இறுகியது. சில கருப்பைகள் கிழிந்தன, பிள்ளைகள் செத்துப் பிறந்தன. இதைப் பிரசவப் பொடி என்று அழைப்பதைவிடச் சாவுப் பொடி என்று அழைக்கலாம் என்று டேவிட் ஹோசாக் என்ற நியூயார்க் மருத்துவர் 1820களில் எச்சரித்தார். பிள்ளை பிறந்த பிறகு உதிரப்போக்கை நிறுத்த மட்டும் பயன்படுத்துங்கள் என்றார். சரியான அறிவுரை, இன்றுவரை நிற்கிறது.

அதற்கு நூறு ஆண்டுக்குப் பிறகு வேதியியலாளர்கள் எர்காட்டிலிருந்து சில சத்துகளைப் பிரித்தார்கள். அவை தண்ணீரில் கரையாதவை. ஆகவே தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கும் பழைய மருந்தில் ஒன்றும் இருக்க முடியாது, அது மூடநம்பிக்கை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1932இல் லண்டனில் ஜான் சாஸர் மோயர் என்ற இளம் மருத்துவர் அதைச் சோதித்தார். பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன பெண்களின் கருப்பைக்குள் சிறு பலூனை வைத்து, அழுத்தத்தைக் கருவியில் பதிவு செய்தார். பழைய நீர்ச்சாறு கொடுத்த சில நிமிடங்களில் கருவியின் முள் எகிறியது. மருத்துவச்சிகள் சொன்னது சரி, ஆய்வுக்கூடம் சொன்னது தப்பு. 1935இல் ஹெரால்ட் டட்லியும் அவரும் அந்தச் சத்தைப் பிரித்து எர்கோமெட்ரின் என்று பெயரிட்டார்கள். நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட மெத்தர்ஜின் ஊசி அதன் பிள்ளை. எத்தனை தாய்களை அது காப்பாற்றியது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். மோயரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கேட்கத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சொன்னதை அவர் சோதித்தாவது பார்த்தார்.

இன்னொரு ஊசியின் கதை வேறு. 1906இல் ஹென்றி டேல், மாட்டின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருவுற்ற பூனையின் கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். ஒன்பது அமினோ அமிலம் கொண்ட அந்த ஆக்சிடோசினை வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்தார். 1955இல் நோபல் பரிசு. அதன்பின் வலியை வெளியிலிருந்து வரவழைக்க முடிந்தது. நம் ஊரில் அதற்குப் பெயர் வலி ஊசி.

1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹோலன், ஏழைப் பெண்களுக்கு ஆக்சிடோசின் எவ்வளவு தாராளமாக ஏற்றப்பட்டது, வலி மரத்துப்போகும் மருந்து அவர்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்தது என்பதைப் பதிவு செய்தார். பெண்களே அந்த ஊசியைக் கேட்டு வாங்கியதையும் எழுதினார். நம் மொழியில் வலி என்றால் நோவு மட்டுமில்லை, வலிமையும்தானே. வலி கூடினால் சக்தி கூடும் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் வேலை பார்த்த வார்டில் வேறொரு காரணமும் இருந்தது, அடுத்த ஆளுக்குக் கட்டில் காலியாக வேண்டும். கத்தினால் அடி விழும், வசவு விழும். எந்தத் தெருப் பெண்ணுக்கு எந்த வசவு என்பதை விளக்க வேண்டியதில்லை. நானும் அந்த வார்டில் நின்றவள்தான். பல நாள் வாய் திறக்கவில்லை.

உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் ரொபெர்ட்டோ கால்டெய்ரோ பார்சியா, பனிக்குட நீரின் அழுத்தத்தை அளந்து சுருக்கத்துக்கு ஓர் அளவீடே உருவாக்கினார். இன்றும் அதற்கு மான்டிவிடியோ அலகு என்றுதான் பெயர். மல்லாக்கப் படுப்பதைவிட நிமிர்ந்து இருக்கும்போது சுருக்கம் நன்றாக வேலை செய்கிறது என்றும் அவர் காட்டினார். உத்தரத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துக் குந்தச் சொன்ன அம்மாயிக்கு இது செய்தியாக இருந்திருக்காது.

இனி குறைமாதப் பிரசவம். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். 2020இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் அப்படிப் பிறந்தார்கள். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு.

பிள்ளை பிறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது தாயா, பிள்ளையா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் இந்தக் கேள்வியை ஆடுகளிடம் கேட்டார். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் நாள் கடந்தும் ஈற்று வரவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசால் செலுத்தினால் நாளுக்கு முன்பே ஈன்றது. ஆக, செம்மறியில் குட்டிதான் நேரம் குறிக்கிறது. இதில் எதிர்பாராத ஒன்றையும் கவனித்தார். பிழைக்கவே முடியாத நாளில் பிறந்த குட்டி மூச்சு விட்டது. மருந்து அதன் நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வைத்திருந்தது.

ராஸ் ஹோவியோடு சேர்ந்து, குறைமாதத்தில் பிள்ளை பிறக்கக்கூடிய நிலையில் இருந்த 282 தாய்களிடம் இதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார். தானாக வலி கண்டவர்களில், அந்த மருந்து பெறாத பிரிவில் பிள்ளைகளின் ஆரம்ப நாள் மரணம் 15 சதவீதம், பெற்ற பிரிவில் 3.2 சதவீதம். விலை மலிவான ஊசி. ஆனாலும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதை எல்லாருக்கும் பரிந்துரைத்தது 1994இல்தான். நம் நாட்டில் கிராம நர்ஸ் கையில் டெக்சாமெத்தசோன் ஊசியைக் கொடுக்க 2014 ஆனது. இடையில் மூச்சுத் திணறிப் போன பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதர்களில் கணக்கு செம்மறிபோல் எளிதாக இல்லை. நம் நச்சுக்கொடி சி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரோஜர் ஸ்மித் குழு 1995இல் அதை ஒரு கடிகாரத்தோடு ஒப்பிட்டது. சீக்கிரமே அதிகமாக ஏறியவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக நிகழ்ந்தது. உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால், இந்த ஹார்மோனைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. அச்சமும் அவமானமும் கடிகாரத்தை வேகப்படுத்துமா என்ற கேள்வி இங்கே வருகிறது.

அமெரிக்காவில் கறுப்பினத் தாய்களுக்குக் குறைமாதப் பிள்ளைகளும் எடை குறைந்த பிள்ளைகளும் அதிகம். இனத்தின் ரத்தத்திலேயே கோளாறு என்று பேசியவர்கள் உண்டு. சிகாகோவின் குழந்தை மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட்டும் ஜேம்ஸ் காலின்ஸும் எளிமையாக யோசித்தார்கள். ரத்தம் காரணமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்த தாய்களின் பிள்ளைகள் இன்னும் எடை குறைந்திருக்க வேண்டுமே? இலினாய் மாநிலத்தின் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புச் சான்றுகளை எடுத்துப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்களின் பிள்ளைகள் சராசரி 3446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்புத் தாய்களின் பிள்ளைகள் 3333. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்புத் தாய்களின் பிள்ளைகள் 3089. ரத்தம் ஒன்றே, நாடு வேறு. 2004இல் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு, வேலையிடம், பள்ளி, மருத்துவமனை, கடை என்று பல இடங்களில் இனப் பாகுபாட்டைச் சந்தித்த தாய்களுக்கு மிகக் குறைந்த எடையில் பிள்ளை பிறப்பது கூடுதல் என்றது.

நம் நாட்டில் இதைச் செய்ய முடியுமா? பணியில் நான் நிரப்பிய பிறப்பு அறிக்கைப் படிவத்தை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளையின் எடைக்குக் கட்டம் உண்டு. கர்ப்பம் எத்தனை வாரம் என்பதற்கு உண்டு. தாய் தகப்பன் படிப்பு, தொழில், குடும்பத்தின் மதம், பிரசவம் பார்த்தது யார், எல்லாம் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. டேவிட்டும் காலின்ஸும் எடுத்துப் பார்த்த மாதிரி நம்மால் எடுத்துப் பார்க்க முடியாது.

கட்டம் வேண்டுமா என்பதில் எனக்கே தடுமாற்றம் உண்டு. வலியில் துடிக்கிறவளிடம் "என்ன ஆளுங்க" என்று கேட்பதே ஒரு வன்முறை. அந்தக் கேள்விக்குப் பிறகு நர்ஸின் கை எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். கேட்காவிட்டாலோ, சேரிப் பிள்ளை ஏன் நாளுக்கு முன் வந்தது என்பதற்குச் சத்துக்குறைவு, அறியாமை என்று தாய் தலையிலேயே எழுதி முடித்துவிடுவார்கள். வயிற்றோடு நாற்று நட்டவளுக்கு ஓய்வு கொடுத்தது யார் என்று எழுத மாட்டார்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிள்ளை பிறப்பதற்கு முன்பும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். அந்த மசோதா ஆலைப் பெண்களுக்கானது. வயலுக்கு அது வரவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். படிவத்தில் சாதி இல்லை, ஆனால் முகவரி இருக்கிறது. நம் கிராமங்களில் காலனித் தெரு எது, ஊர்த்தெரு எது என்று முகவரியே சொல்லும். ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக அனுமதி கேளுங்கள், பெயர்களை விட்டுவிடுங்கள். தெரு, வாரம், எடை மூன்றையும் பத்து ஆண்டுக்கு எழுதி எடுங்கள். அப்புறம் அந்தத் தெருக்களுக்குப் போய், இன்னும் உயிரோடு இருக்கும் மருத்துவச்சிகளைத் தேடி, அவர்கள் பார்த்த பிரசவங்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் பெயரையும் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாயி பெயர் பேச்சியம்மாள்.