சிறைமுகாமில் பிறந்த இறைப்பாடல்

1942ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாயின. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் மக்கள் பட்ட துயரைப் போர் வரலாறுகள் எண்களாகவே காட்டும். அத்துயரின் குரலைக் கேட்க விழைவோர் பாடல்களை நாடுதல் வேண்டும்.

அத்தகைய பாடலொன்று சுமத்திராவிலே பிறந்தது. அதனை யாத்த மார்கரெட் டிரைபர்க் அம்மையார் இங்கிலாந்தில் பிறந்து, சிங்கப்பூரில் சமயத்தொண்டும் கல்விப்பணியும் ஆற்றியவர். கப்பலேறித் தப்ப முயன்று பிடிபட்டு, பலெம்பாங் முகாமில் அடைக்கப்பட்டார். ஆங்கு அவர் சொல்லும் இசையும் தாமே அமைத்த 'சிறைப்பட்டோர் துதிப்பாடல்', 1942 சூலை 5ஆம் நாள், ஞாயிறு வழிபாட்டில் முதன்முதலாகப் பாடப்பெற்றது. பொறுமையும், பிரிந்த உற்றார்க்குக் காப்பும், விடுதலையும், உலகுக்கு அமைதியும் நீதியும் அதில் வேண்டப்படுகின்றன. பகைவரைச் சபிக்கும் சொல் ஒன்றேனும் அதில் இல்லை! பசித்த வயிற்றோடு இருந்தார் பாடிய பாட்டு அது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மலாயாவில் வாழ்ந்த நோரா சேம்பர்ஸ் என்னும் இசை பயின்ற பெண்மணியும் அம்முகாமில் இருந்தார். இருவரும் கருவிகளின்றிக் குரல்களாலேயே மேனாட்டுப் பேரிசைகளை எழுப்பும் குழுவொன்றை உருவாக்கினர். நினைவிலிருந்தே டிரைபர்க் இசைக்குறிப்புகளை எழுதினார். 1943 திசம்பர் 27இல் முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னர் நோயும் பட்டினியும் பாடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொண்டுசென்றன. 1945 ஏப்பிரலில் டிரைபர்க்கும் மறைந்தார். எனினும் தாள்கள் எஞ்சின. இன்றும் அவ்விசை பாடப்படுகின்றது.

இனி, நம்மவர் செய்தி. அதே ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில்பாதை, 415 கிலோமீட்டர், காட்டினூடே போடப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் ஆங்கு உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம். அவருள் இறந்தோர் 90,000 வரை என மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழரே. தெற்கிலிருந்து ஆட்களை அடைத்துவந்த சரக்கு வண்டிகள் பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளை ஒட்டியே வடக்கே சென்றன. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் பல இலயங்கள் ஆண்களை இழந்தன.

கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உள. தமிழருள் மிகப் பலருக்குக் கல்லறையே இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற புதினங்கள் அவர் கதையைக் காத்தன. பாட்டோ, பெண்களின் வாயில் நின்றது. புறநானூற்றுக் கையறுநிலையின் வழித்தோன்றலே ஒப்பாரி. அதுவும் சடங்கின் உறுப்பாதலால், துதிப்பாடலுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயின் அதற்கு இசைக்குறிப்பு எழுத ஒரு டிரைபர்க் வாய்க்கவில்லை. பாடியவர் மறைய, பாட்டும் உடன் மறைந்தது.

ஒப்பாரி பெரும்பாலும் உடலின் எதிரே பாடப்படுவது. சயாமில் மாண்டார்க்கு உடலும் வரவில்லை, நாளும் தெரியவில்லை. இறந்த நாள் அறியாதார்க்கு அமாவாசையில் படைத்தல் தமிழர் வழக்கம்.