டிரஸ்ஸர் கீட்ஸ்

ஜான் கீட்ஸ் என்றதும் நைட்டிங்கேல் பறவையைப் பாடிய கவிஞர்தான் ஞாபகத்துக்கு வருவார். 20 வயதில் அவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் எட்மன்டனில் தாமஸ் ஹாமண்ட் என்ற வைத்தியரிடம் சில வருடம் தொழில் பழகினார். 1815-ல் புதுச் சட்டம் வந்தது. வைத்தியம் பார்க்க உரிமம் வேண்டுமென்றால் இனி மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். அந்த அக்டோபரிலேயே கைஸில் சேர்ந்தார். (இந்த மருத்துவமனையைக் கட்டிய தாமஸ் கை ஒரு புத்தக வியாபாரி. சவுத் சீ கம்பெனி பங்குகளைச் சரியான நேரத்தில் விற்றுக் கொழுத்தவர். அது தனிக் கதை!)

அங்கே மாணவர்களில் இரண்டு தட்டு. சாதாரண மாணவன் பணம் கட்டிவிட்டு சர்ஜன் பின்னால் வார்டு வார்டாக நடக்கலாம், பார்க்கலாம். தொடுகிற வேலை அவனுக்கில்லை. ஆபரேஷன் அறையில் ஒரே நெரிசல். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவனின் தலைதான் தெரியும்.

அடுத்த தட்டு டிரஸ்ஸர். இதற்குக் கட்டணம் அதிகம். பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது, பொறுப்பையே விலை கொடுத்து வாங்க வேண்டும்... விசித்திரமான கணக்கு! காசு இருந்தாலும் இடம் குறைவு. கீட்ஸுக்குச் சேர்ந்த ஒரே மாதத்தில் அந்த இடம் உறுதியானது. ஆசிரியர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

1816 மார்ச்சில் வேலை ஆரம்பம். கட்டுப் போடுவது, பல் பிடுங்குவது, ரத்தம் எடுப்பது, முறிந்த எலும்பைச் சேர்ப்பது எல்லாம் டிரஸ்ஸர் தலையில். முறை வரும் வாரத்தில் மருத்துவமனையிலேயே தங்கி, விபத்தில் அடிபட்டு வருபவர்களை முதலில் பார்ப்பதும் அவர்தான். பெரிய சிக்கல் என்றால்தான் சர்ஜனுக்கு ஆள் போகும். எது பெரிய சிக்கல் என்று முடிவு செய்வதும் அந்த இருபது வயசுப் பையன்தான்!

கீட்ஸுக்கு வாய்த்த சர்ஜன் வில்லியம் லூகாஸ். காது சரியாகக் கேட்காது, கத்தி பிடிப்பதில் கெட்ட பெயர். மயக்க மருந்து வர இன்னும் 30 வருடம் இருந்தது. நோயாளி அலற அலறத்தான் அறுவை. சர்ஜன் அறுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தக் காயத்தை அவிழ்த்துப் பார்க்க வேண்டியவர் டிரஸ்ஸர்.

ஜூலையில் உரிமத் தேர்வில் தேறினார். ஆனால் தனியாகத் தொழில் செய்ய 21 வயது ஆக வேண்டும். அது அக்டோபரில் ஆனது. கொஞ்ச நாளிலேயே மருத்துவத்தை விட்டுவிட்டார். கடைசியாகச் செய்தது ஒரு ஆளின் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை என்று பிற்பாடு நண்பர் சார்லஸ் பிரவுனிடம் சொன்னார். அதில் ஒரு தவறும் நேரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மனசு எங்கெங்கோ போயிருந்தது. கை பிசகாமல் இருந்ததே அதிசயம் என்று பட்டிருக்கிறது. அதன்பிறகு கத்தியைத் தொடவில்லை.

1820 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இருமலோடு ரத்தம் வந்தது. மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அதன் நிறத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வருடம் ரோமில் இறந்தபோது வயது 25.