படியா, பணியா? – ஆங்கிலிக்கன் திருச்சபையின் டீக்கன்கள்

ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருப்பணி மூன்று நிலைகளை உடையது: பேராயர், குரு, டீக்கன். முன்னிரண்டைப் பற்றி வரலாறு நிறையவே பேசியிருக்கிறது. மூன்றாமவர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டார். 'டியாகொனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பணிவிடை செய்பவர் என்பது பொருள். பழைய தமிழ் விவிலியம் அவரை 'உதவிக்காரர்' என்கிறது.

கிரான்மர் காலத்தில், 1550-இல், உருவான பட்டமளிப்பு முறைமையும் அதைத் தொடர்ந்த 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகமும் டீக்கனின் கடமைகளைத் தெளிவாக வரையறுக்கின்றன. திருவிருந்தில் குருவுக்குத் துணைநிற்றல், வேதம் வாசித்தல், இளையோர்க்கு ஞானோபதேசம் கற்பித்தல், குரு இல்லாதபோது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல் ஆகியவை அவருக்குரியவை. இவற்றோடு, சேகரத்தில் உள்ள நோயாளிகளையும் ஏழைகளையும் தேடிக் கண்டறிந்து அறிவிப்பதும் அவர் பொறுப்பு. திருவிருந்தை நடத்தவோ பாவமன்னிப்பு வழங்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

முரண்பாடு அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது. சடங்கின் இறுதி மன்றாட்டு இப்பணியைத் தாழ்ந்த நிலை என்றும், இதில் நன்கு நடப்போர் உயர்நிலைக்குத் தகுதி பெறட்டும் என்றும் வேண்டுகிறது. பணி அங்கேயே படியாகிவிட்டது. ஓராண்டு டீக்கன், பிறகு குரு என்பதே நடைமுறையாயிற்று.

அந்தப் படியில் ஏற மறுத்தோரும் உண்டு. வர்ஜீனியா வணிகக் குழுமத்தின் பொறுப்பிலும் நாடாளுமன்றத்திலும் இருந்த நிக்கோலஸ் ஃபெரார், 1626-இல் வில்லியம் லாடிடம் டீக்கன் பட்டம் பெற்றார். 1637-இல் இறக்கும்வரை குருப்பட்டத்தை அவர் நாடவில்லை. லிட்டில் கிட்டிங் என்ற சிற்றூரில் தம் குடும்பத்தாரோடு ஜெபமும் தொண்டுமாக வாழ்ந்தார். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மரணப் படுக்கையிலிருந்து தம் கவிதைக் கையெழுத்துப் படியை அனுப்பியது இந்த டீக்கனுக்குத்தான். 1633-இல் அது நூலாயிற்று. பின்னாளில் எலியட்டின் கவிதை ஒன்றுக்கும் அவ்வூரே பெயர் தந்தது.

லூயிஸ் கரோல் என்று உலகம் அறிந்த சார்லஸ் டாட்ஜ்சன் 1861-இல் டீக்கனாகி, இறுதிவரை அந்நிலையிலேயே இருந்தார். ஃபெராரிடம் அது தேர்ந்துகொண்ட வாழ்வு. டாட்ஜ்சனிடம் ஒரு தயக்கம். திக்குவாயே காரணம் என்பர் சிலர். ஆய்வாளர்கள் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர்.

பெண்கள் வரலாற்றில்தான் இம்முரண் கூர்மையடைகிறது. 1862-இல் எலிசபெத் ஃபெரார்ட், லண்டன் பேராயர் டெய்ட்டிடம் உரிமம் பெற்று, இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் டீக்கனஸ் ஆனார். ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் சென்று டீக்கனஸ்கள் உழைத்தனர். ஆயினும் ஆண் டீக்கன்களுக்கு இணையான பட்டமாக அது கொள்ளப்படவில்லை. 1987-இல்தான் அத்திருச்சபையில் பெண்கள் டீக்கன்களாகப் பட்டம் பெற்றனர். ஆணுக்குப் படியாக இருந்த அந்நிலை பெண்ணுக்குக் கூரையாயிற்று. 1994-இல் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் குருக்களானபோதே அக்கூரை திறந்தது. உரிய நீதிதான் அது. ஆனால் டீக்கன் நிலை மறுபடியும் வெறும் படியாயிற்று.

வாழ்நாள் முழுவதும் டீக்கனாகவே இருப்போர் இன்றும் உள்ளனர். அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையில் அவர்கள் கணிசமானவர்கள். மரபின்படி, குருவானாலும் பேராயரானாலும் ஒருவர் பெற்ற டீக்கன் பட்டம் அழிவதில்லை. எத்தனை உயர்ந்தாலும் பணியாளர் என்ற அடித்தளம் விலகாது என்பதே அதன் உட்பொருள். அப்பணியை ஓராண்டுப் பயிற்சியாகச் சுருக்கிய திருச்சபை, தன் அடித்தளத்தையே வாசற்படி என்று எண்ணிவிட்டதோ எனக் கேட்கத் தோன்றுகிறது.