லியோ: தேநீர்க் கடை நிறுவனம் உருவாக்கிய கணினி

ஒரு பெரிய நிறுவனத்தின் வணிக நோக்கங்களும் அது பயன்படுத்தும் தகவல் தொழில்நுட்பமும் ஒன்றுக்கொன்று பொருந்தி இயங்க வேண்டும் என்பது மேலாண்மைத் துறையில் இன்று பெரிதும் பேசப்படும் கருத்தாகும். 1993-ஆம் ஆண்டில் ஹென்டர்சன், வெங்கட்ராமன் ஆகியோர் வெளியிட்ட ஒருங்கிசைவு மாதிரி இக்கருத்தைப் பரவலாக அறியச் செய்தது. எனினும் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இலண்டனில் இயங்கிய ஒரு நிறுவனம் இதைச் செயலில் காட்டியிருந்தது. ஜே. லயன்ஸ் என்ற அந்நிறுவனம் தேநீர்க் கடைகளையும் ரொட்டி, கேக் தயாரிப்புக் கூடங்களையும் நடத்தி வந்தது.

பின்னணி

லயன்ஸ் நிறுவனம் நாள்தோறும் ஏராளமான சிறு விற்பனைகளைச் செய்தது. ஒவ்வொரு விற்பனையிலும் கிடைத்த இலாபம் மிகக் குறைவு. எனவே கணக்கு எழுதும் செலவு சற்று உயர்ந்தாலும் இலாபம் கரைந்துவிடும். கணிதம் பயின்று 1923-இல் பணியில் சேர்ந்த ஜான் சிம்மன்ஸ், அலுவலக நடைமுறைகளை ஆராய்ந்து எளிமையாக்குவதற்கென்றே அங்கு ஒரு தனிப் பிரிவை வளர்த்தார். ஆகவே, கணினி வருவதற்கு முன்பே தன் வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை நிறுவனம் தெளிவாக அறிந்திருந்தது.

கணினியை நோக்கி

1947-இல் நிறுவனத்தின் மேலாளர்களான ரேமண்ட் தாம்ப்சனும் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும் அலுவலக முறைகளைப் பார்வையிட அமெரிக்கா சென்றனர். அறிவியல் கணக்கீடுகளுக்காக உருவாக்கப்பட்டு வந்த மின்னணுக் கணினிகள் அலுவலகப் பணிகளுக்கும் உதவும் என அவர்கள் கருதினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிக்கொண்டிருந்த எட்சாக் கணினியைப் பற்றியும் அங்கேதான் அறிந்தனர். லயன்ஸ் அப்பணிக்கு 3,000 பவுண்டு நிதியும் ஒரு பணியாளரின் உதவியும் அளித்தது. எட்சாக் 1949 மே மாதம் இயங்கிய பின், அதை அடிப்படையாகக் கொண்டு ஜான் பிங்கர்டன் தலைமையில் லியோ உருவாக்கப்பட்டது. 'லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபிஸ்' என்பதன் சுருக்கமே லியோ.

பயன்பாடு

1951-இன் இறுதியில் ரொட்டிக் கூடங்களின் வாராந்திர மதிப்பீட்டுக் கணக்கு லியோவில் முறையாக இயங்கத் தொடங்கியது. வழக்கமான வணிகப் பணியைக் கணினி ஏற்றுக்கொண்ட முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது. அடுத்து ஊதியக் கணக்கு வந்தது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒரு பணியாளரின் ஊதியக் கணக்கை லியோ 1.5 நொடியில் முடித்தது.

1954-இல் தேநீர்க் கடைகளுக்கான சரக்கு அனுப்பும் பணியும் கணினிக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான கொள்முதல் பட்டியல் இருந்தது. கடைப் பொறுப்பாளர் அதில் வேண்டிய மாற்றங்களை மட்டும் தொலைபேசியில் தெரிவித்தார். அவை துளையட்டைகளில் பதியப்பட்டுக் கணினிக்குச் சென்றன. பழைய வேலையை விரைவாகச் செய்வதோடு நில்லாமல், இயந்திரத்துக்கு ஏற்ப வேலைமுறையே மாற்றப்பட்டது இங்கு கவனிக்கத்தக்கது. டேவிட் கேமினர் தலைமையிலான குழு இவ்வேலைமுறைகளை வடிவமைத்தது.

முடிவும் பாடமும்

பிற நிறுவனங்களும் விரும்பியதால் 1954-இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. லியோ 2, லியோ 3 ஆகிய கணினிகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் கணினித் தயாரிப்புக்குத் தொடர்ந்து பெருமுதலீடு தேவைப்பட்டது. உணவு வணிகம் செய்யும் நிறுவனத்தால் அச்சுமையை நெடுங்காலம் தாங்க இயலவில்லை. 1963-இல் அப்பிரிவு இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கணினிப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. பின்னர் 1968-இல் உருவான ஐ.சி.எல். நிறுவனத்துக்குள் அது சென்று சேர்ந்தது.

இவ்வரலாற்றுக்கு இரு பக்கங்கள் உண்டு. தன் தேவையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற இயந்திரத்தை அமைத்ததால் லயன்ஸ் வென்றது. இயந்திரத்தை விற்பதே தனியொரு தொழிலாக வளர்ந்தபோது, அது நிறுவனத்தின் அடிப்படை நோக்கத்திலிருந்து விலகியது. தொழில்நுட்பத்தில் முதலிடம் பெறுவதும் அதனால் வணிகம் நிலைபெறுவதும் வெவ்வேறு என்பதற்கு லியோ ஒரு தெளிவான சான்றாகும்.